வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ஓய்ந்துபோகாமல் இருக்க: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர் என்று யாராக இருந்தாலும் நல்லபடியாகப் பார்த்து, டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டில் மாத்திரை இருக்கும், அடுத்து வரவேண்டிய தேதி இருக்கும், என்ன சாப்பிடலாம் என்பதும் இருக்கும். இதையெல்லாம் வீட்டில் செய்யப்போகிறவர் எப்போது தூங்குவார், அவருக்கு மாற்று யார் என்பது மட்டும் இருக்காது. அதை வீட்டில்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் முடிவு செய்வதில்லை. மருமகளோ, கல்யாணமாகாத மகளோ, மனைவியோ, யார் முதல் நாள் படுக்கையை விரித்தாரோ அவர் தலையிலேயே எல்லாம் விழுந்துவிடுகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டில் படுத்திருப்பவரைப் பார்க்கும் முழு வேலையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது ஆள் தினமும் வரவேண்டும் என்பதில்லை. ஆனால் திடீரென்று ஒருநாள் வந்தால், யாரையும் கேட்காமல் காலை முதல் ராத்திரி வரை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அங்கே போய்ச் சேரத்தான்.

முதல் படி: ஒரு நோட்டுப் போடுங்கள்

ஒரு சாதாரண ரூல் போட்ட நோட்டு போதும். மூன்று நாளைக்கு, விடியற்காலை முதல் மறுநாள் விடியும் வரை, செய்கிற ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"4.40 எழுப்பி பெட்பேன். 5.10 திரும்பப் படுக்க வைத்தேன், எனக்குத் தூக்கம் வரவில்லை. 6.00 வாய் கழுவி, தைராய்டு மாத்திரை. 7.00 சுகர் பார்த்து ஊசி, உடனே இட்லி. சாப்பிட முக்கால் மணி நேரம். 8.00 உடம்பு துடைத்து, நைட்டி மாற்றி, முதுகுக்குப் பவுடர். 8.40 டயாபர், விரிப்பு துவைக்கப் போட்டேன். நான் இன்னும் டீ குடிக்கவில்லை."

மூன்றாம் நாள் படித்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்கினீர்கள் என்பது ஒன்று. எத்தனை வேலைக்கு உண்மையில் நீங்கள்தான் வேண்டும் என்பது இன்னொன்று. வேலை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். நீங்கள் மட்டுமே செய்ய வேண்டியதற்கு "நா", சொல்லிக்கொடுத்தால் வீட்டில் இன்னொருவர் செய்யக்கூடியதற்கு "வீ", கூலிக்கோ கடையிலோ முடித்துக்கொள்ளக்கூடியதற்கு "வெ". "நா" என்று நீங்கள் நினைத்தவற்றில் பாதிக்கு மேல், நிதானமாகப் பார்த்தால், "வீ" ஆகிவிடும். ஊசி போடுவதைக்கூடக் கற்றுக்கொடுக்கலாம். மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நிற்பதற்கு நீங்கள் எதற்கு?

இந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த எல்லாப் படிக்கும் இதுதான் அடிப்படை.

இரண்டாம் படி: உடம்பு முன்கூட்டிச் சொல்வதைக் கவனியுங்கள்

ஓய்ந்துபோவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் தூக்கம் கெடும். நோயாளி தூங்கும்போதுகூட உங்களுக்குக் கண் மூடாது. அப்புறம் நின்றுகொண்டே சாப்பிடுவது, மிச்சம் மீதியைச் சாப்பிடுவது, சாப்பிட மறப்பது. தலைவலி, இடுப்புவலி, அடிக்கடி சளி. சின்ன விஷயத்துக்குக் குரல் உயர்வது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் "யாரு இப்போ" என்று எரிச்சல் வருவது. உங்கள் சொந்த பி.பி. மாத்திரையை விட்டுவிட்டு மாமியாரின் மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுப்பது.

இவற்றில் மூன்று நான்கு சேர்ந்து இருந்தால் ஐந்தாம் படியை இந்த வாரமே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் அது வெறும் களைப்பு இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். சாக வேண்டும் போலிருக்கிறது, அல்லது படுத்திருப்பவரை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றால் அன்றைக்கே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மனநல உதவிக்கான அரசு இலவச எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மூன்றாம் படி: ராத்திரியைக் காப்பாற்றுங்கள்

வேறு எதைச் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பகலில் எவ்வளவு வேலை இருந்தாலும், நாலைந்து மணி நேரம் இடையில் எழாமல் தூங்கினால் மறுநாளைச் சமாளிக்கலாம். இரவில் மணிக்கு ஒருமுறை எழுந்துகொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட பொறுமைசாலியும் சில வாரத்தில் உடைந்துபோவார்.

முதலில் நோயாளி ராத்திரி ஏன் எழுகிறார் என்று பாருங்கள். சிறுநீருக்காக என்றால், நீர் மாத்திரை எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள்? அதை மாலையில் கொடுத்துவிட்டு இரவெல்லாம் பெட்பேன் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. காலைக்கோ மதியத்துக்கோ மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். தண்ணீரையும் பகலிலேயே தாராளமாகக் கொடுத்து, மாலை 6 மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். இதயம், சிறுநீரகம் பாதித்தவர் என்றால் மொத்த அளவையே டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பகல் முழுக்கத் தூங்குகிறவர் ராத்திரி விழித்துத்தான் இருப்பார். காலையில் நாற்காலியில் உட்கார வைத்து, வாசல் பக்கம் வெளிச்சம் படும்படி வையுங்கள். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதித் தூக்கம் போய்விடும். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாய்ந்ததும் தவிப்பு கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். அந்த நேரத்தில் "இதுதானே வீடு" என்று வாதாடினால் இருவருக்கும் தூக்கம் போகும். விளக்கை முன்கூட்டியே போட்டு, டி.வி.யை நிறுத்தி, துணி மடிப்பது மாதிரி ஏதாவது ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அது மறதி என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை இறங்குவது, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள், படுக்கைப் புண் வராமல் இருக்க. இதைப் பகலில் ஒழுங்காகச் செய்யலாம். ராத்திரி முழுக்க ஒரே ஆள் செய்வது நடக்காத காரியம். ஏர் பெட் (மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தை) போட்டால் ராத்திரி எத்தனை மணி நேரம் விடலாம் என்று நர்ஸிடம் கேட்டு, அவர் உடம்பு நிலைக்கு ஏற்ற இடைவெளியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் உடம்பு துடைக்கும்போது இடுப்பு, குதிகால், தோள்பட்டை பார்த்து, விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். அந்தச் சிவப்பைத் தேய்க்கக் கூடாது. ஏர் பெட் மோட்டார் கரண்ட்டில் ஓடுவது. கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும். நம்மூர் சித்திரை, வைகாசி வெயிலில் கரண்ட் போகிற ராத்திரிகளும் உண்டு என்பதால், இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனோடு இந்த மோட்டாருக்கும் அதில் ஓர் இணைப்பு கொடுத்து வையுங்கள்.

அப்புறம் முறை வைத்துக்கொள்வது. இரவு 10 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 6 வரை இன்னொருவர் என்று பிரிப்பது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு ராத்திரியும் விழிப்பதைவிட நல்லது. முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அதே அறையில் பாய் போட்டுப் படுத்தால் முறை மாற்றியும் பயனில்லை, இருமல் சத்தத்துக்கெல்லாம் காது விழித்துக்கொள்ளும். தனியாக இருப்பவருக்கு வாரத்தில் ஒரு ராத்திரியாவது வெளியாளோ உறவுக்காரரோ வந்து படுக்க ஏற்பாடு வேண்டும்.

நான்காம் படி: முதுகைப் பழக்குங்கள்

வீட்டில் பார்க்கிறவர்கள் பாதியில் விழுந்துவிடுவதற்கு மனசை விட முதுகுதான் முதல் காரணமாகிறது என்பது என் அனுபவம். பெரியவர்களுக்குத் தரையில் பாய் போட்டுப் படுத்துத்தான் பழக்கம், கட்டில் வேண்டாம் என்பார்கள். நடமாட்டம் இருக்கும்வரை சரி. படுக்கையாகிவிட்டால் கட்டில்தான். குனிந்து குனிந்து தரையில் இருப்பவருக்குச் செய்வது இடுப்பைத் தின்றுவிடும். உயரம் மாற்றக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி இவையெல்லாம் சர்ஜிக்கல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு அப்புறம் விலைக்கு வாங்குங்கள்.

படுக்கையில் கீழே சரிந்துவிட்டவரை மேலே ஏற்ற எல்லோரும் அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்குச் செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டு இதனால் இறங்கி, பல மாதம் வலிக்கும். ஒரு பழைய நூல் புடவை போதும். நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை உடம்புக்கு அடியில் குறுக்காக வரும்படி விரித்து வைத்துவிடுங்கள், அது எப்போதும் அங்கேயே இருக்கட்டும். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று, புடவையின் ஓரத்தை உடம்புக்கு மிக நெருக்கமாக வரும்வரை சுருட்டிப் பிடிக்க வேண்டும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். நோயாளிக்கு ஒரு கால் நன்றாக இருந்தால் அதை மடக்கி ஊன்றி, எண்ணும்போது உந்தச் சொல்லுங்கள். பாதிப் பாரம் குறையும். அவருக்கும் தானாகச் செய்த திருப்தி. புடவை சுருங்கி மடிப்பு விழாமல் இழுத்துவிட மறக்காதீர்கள், மடிப்பே புண்ணாகும்.

ஒரே ஆள் திருப்ப வேண்டியிருந்தால், எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்களோ அந்தப் பக்கத்தில் நில்லுங்கள். எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, கையை நெஞ்சின் மேல் வைத்து, அந்தத் தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒன்று.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை பார்த்தால் கை பழகிவிடும். வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையம் 1966-ல் டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கியது. 1954-ல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். நோயாளியை எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தாலும் சரி, டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் பிசியோதெரபிஸ்ட்டிடமும் வார்டு நர்ஸிடமும் "எனக்கு ஒருமுறை செய்துகாட்டுங்கள், அப்புறம் நான் செய்கிறேன், சரியா பாருங்கள்" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து இரண்டு பேர் போங்கள். இரண்டாவது ஆளின் பயிற்சி அங்கேயே தொடங்கட்டும்.

ஐந்தாம் படி: குடும்பத்தை உட்கார வையுங்கள்

"யாராவது கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள். கல்நெஞ்சம் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாளும் நேரமும் வேலையும் சொல்லிக் கேளுங்கள்.

"அண்ணா, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து எட்டு மணி வரைக்கும் அம்மாகூட இரு. கஞ்சி நான் வெச்சிட்டுப் போறேன், நீ ஊட்டினா போதும்."

"எனக்கு ஊட்டத் தெரியாதேம்மா."

"ஞாயித்துக்கிழமை வா, நான் ஊட்டும்போது பாரு. அடுத்த தடவை நீ ஊட்டு, நான் பக்கத்துல இருக்கேன்."

இவ்வளவுதான். இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டுபோங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் "எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு" என்று பேச்சு போகும். மூன்று நாள் பக்கத்தை யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். படித்து முடிக்கும்போது அறை அமைதியாகிவிடும். அந்த நேரத்தில் வேலையைப் பிரியுங்கள். நோயாளிக்குத் தெளிவு இருந்தால் அவரையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். மகன் குளிப்பாட்டுவதில் அம்மாவுக்குக் கூச்சம் இருக்கலாம், யார் எதைச் செய்யலாம் என்பதில் அவருக்கும் ஒரு சொல் உண்டு.

தூரத்தில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்களுக்கும் கணக்கே இல்லை. அவர்கள் மாதாமாதம் டயாபர், மாத்திரைச் செலவை ஏற்கலாம். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டை ஃபோனிலேயே போடலாம். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வீடியோ காலில் அரைமணி நேரம் அப்பாவிடம் பேசினால், அந்த அரைமணி நேரம் நீங்கள் குளிக்கலாம். லீவில் ஊருக்கு வருகிறவர் அதில் ஒரு வாரத்தைக் கல்யாணம், காதுகுத்துக்குக் கொடுக்காமல் முழுக்க இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும், அதை டிக்கெட் போடும்போதே பேசிவிடுங்கள். முன்னாள் ராணுவத்தினர் வீடென்றால் ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்ட அட்டையில் படுத்திருப்பவர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மருமகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்குப் போய்வந்து, சாயங்காலம் சமைத்து, அப்புறம் மாமியாரைப் பார்க்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகள் எல்லோரும் பார்வையாளர்களாக இருக்க, இவர்கள் தலையில் மட்டும் இது ஏறுவது நியாயமே இல்லை. பெற்றவரைப் பார்ப்பதில் முதல் பொறுப்பு பிள்ளைகளுக்கு, அது மகனானாலும் மகளானாலும்.

ஆறாம் படி: இரண்டாவது ஆளைத் தயார் செய்யுங்கள்

யார் என்பது முக்கியமில்லை. மகன், பேத்தி, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் மூன்று கட்டமாகக் கற்றுக்கொடுங்கள். முதல் தடவை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். இரண்டாவது தடவை அவர் செய்ய நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். மூன்றாவது தடவை நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் பலர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். "அவங்களுக்கு நான் ஊட்டினாத்தான் இறங்கும்" என்று வாசலிலேயே நிற்கிறார்கள். கஞ்சி கொஞ்சம் கெட்டியாகிவிடும், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கும். அதெல்லாம் பரவாயில்லை.

தவறக் கூடாதவை சில உண்டு. அவற்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு அரைமணி நேரமாவது சாய்க்கக் கூடாது. இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்த வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. உணவு கொடுக்கும் மூக்குக் குழாய் வெளியே வந்துவிட்டால் தானாகத் திரும்பச் செருகக் கூடாது, நர்ஸைக் கூப்பிட வேண்டும். மற்றபடி அவரவர் கைப்பக்குவம்.

ஏழாம் படி: ஓய்வை ஓய்வாக எடுங்கள்

இரண்டாவது ஆள் வந்திருக்கும் மூன்று மணி நேரத்தில் ரேஷன் கடைக்கும் கேஸ் புக் பண்ணவும் ஓடினால், வேலை இடம் மாறியதே தவிர ஓய்வு கிடைக்கவில்லை. அந்த வேலைகளுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். இந்த நேரம் உங்களுக்கு. கோட்டை மைதானத்தில் காலாற நடக்கலாம். பிரதோஷத்துக்கு ஜலகண்டேஸ்வரர் கோயில், கிருத்திகைக்கு ரத்தினகிரி, ஞாயிறு ஆராதனை, வெள்ளி தொழுகை, எது உங்கள் வழக்கமாக இருந்து நின்றுபோனதோ அதைத் திரும்பப் பிடியுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் தங்கை வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். ஃபோனை அருகில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரைமணிக்கு ஒருமுறை "சாப்பிட்டாங்களா" என்று நீங்கள் அழைக்க வேண்டாம். அவசரம் என்றால் அவர்கள் அழைப்பார்கள்.

பார்க்க வருகிறவர்களையும் இதற்குப் பயன்படுத்துங்கள். சர்க்கரை நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள்கூட ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வருவார்கள். ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள், "ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க சித்தி, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டிருங்க, அதுதான் எனக்கு வேணும்." நல்ல மனசுள்ளவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

எட்டாம் படி: கூலிக்கு ஆள் வைத்தால்

பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டுமா, கூட இருக்கும் துணை வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள். குழாய், ஊசி, புண்ணுக்கு மருந்து வைப்பது இருந்தால்தான் நர்ஸ். குளிப்பாட்டி, ஊட்டி, துணைக்கு இருக்கத் துணையாளே போதும், செலவும் குறையும். அடையாள அட்டை நகல், முன்பு வேலை பார்த்த வீட்டின் ஃபோன் எண் வாங்குங்கள். வேலைப் பட்டியலை நோட்டிலிருந்து எடுத்து எழுதிக் கொடுங்கள். சாப்பாடு, விடுப்பு, தூங்கும் நேரம், சம்பளத் தேதி எல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். முதல் வாரம் வீட்டில் யாராவது இருங்கள். வந்திருப்பவரும் களைத்துப்போவார், வார விடுமுறை அவருக்கும் கட்டாயம்.

ஒன்பதாம் படி: வெளியே இருக்கிற உதவி

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபி, வலி தணிப்புப் பராமரிப்பு இரண்டும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதிவு செய்யுங்கள். அவர்கள் வந்து அப்பாவுக்கு பி.பி. பார்த்ததும், உங்கள் கையையும் நீட்டுங்கள். கூச்சப்பட வேண்டாம், 30 வயது தாண்டிய எல்லோருக்கும் பார்க்க வேண்டியதுதான்.

புற்றுநோய் முற்றியவர், தீராத வலியில் இருப்பவர் என்றால் சி.எம்.சி.யின் வலி தணிப்புப் பராமரிப்புப் பிரிவு வீட்டுக்கு வந்தும் பார்க்கிறது. உங்கள் ஊர் அவர்கள் வரும் எல்லைக்குள் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். நோயாளியின் வலி குறைந்தால் உங்கள் ராத்திரியும் குறைந்தபட்சம் பாதி திரும்பக் கிடைக்கும்.

மனநோய், மறதி நோய் உள்ளவரைப் பார்க்கும் குடும்பங்களுக்குப் பாகாயம் மனநல மையம் தெரிந்திருக்கும். 1957-ல் தொடங்கிய நாளிலிருந்து குடும்பத்தாரைக் கூடவே தங்க வைத்துச் சிகிச்சை தருவதற்குப் பெயர்பெற்ற இடம் அது. நோயாளியைக் காட்டப் போகும்போது உங்கள் தூக்கம், கோபம் பற்றியும் அங்கே சொல்லலாம். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், அவருக்குத்தான்" என்று முடித்துவிடாதீர்கள்.

கடும் ஊனம் உள்ளவருக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் கிடைக்கும். அதற்கு ஊனச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதை மறக்க வேண்டாம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர்க்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழைய பழக்கத்தில் வேலூர் கலெக்டர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் வீண். மனு இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

ஃபோன் எண்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, முதியோர் உதவி 14567.

பத்தாம் படி: கோபமும் குற்ற உணர்வும்

மூன்றாவது முறை விரிப்பை மாற்றியதும் மறுபடி நனைந்தால் கோபம் வரும். வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் நோயாளி கட்டிலில் பத்திரமாக இருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முகம் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போங்கள். நனைந்த விரிப்பில் ஐந்து நிமிடம் கிடப்பதால் கெடுதல் இல்லை, கோபத்தில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் தோல் கிழியும்.

"இது எப்போ முடியும்" என்று ஒரு நினைப்பு வரும். பலருக்கும் வருகிறது, வெளியே சொல்வதில்லை. அது வந்ததால் நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. இதே நிலையில் இருக்கும் இன்னொருவரிடம் அதைச் சொல்லுங்கள். ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்காருகிறவரே அப்படிப்பட்டவராக இருப்பார். பேச்சுக் கொடுங்கள், ஃபோன் எண் வாங்குங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் ஆள் வைக்காமலும், ஒரு வாரம் தங்கை வீட்டில் விடாமலும் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஊர் ராத்திரி 2 மணிக்குப் பெட்பேன் வைக்க வராது.

பதினொன்றாம் படி: உங்களுக்கே முடியாமல் போகும் நாளுக்கு

உங்களுக்குக் காய்ச்சல் வரும், கால் சுளுக்கும், சாவு வீட்டுக்கு உடனே கிளம்ப வேண்டியிருக்கும். அன்றைக்கு யாருக்கும் எதையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள்: நோய்களின் பெயர், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஆஸ்பத்திரி எண், திருப்பிப் படுக்க வைக்கும் இடைவெளி, எப்படி ஊட்டுவது, என்ன ஆனால் 108-ஐ அழைக்க வேண்டும், இரண்டாவது ஆளின் ஃபோன் எண், அவர் வர முடியாவிட்டால் மூன்றாவது ஆளின் எண். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி போடாமல் படிக்கும்படி.

உங்களுக்குக் காய்ச்சலோ சளியோ இருக்கும்போது நோயாளி அருகே போகாமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லது, முதியவர்களுக்கு அது நெஞ்சுச் சளியாக மாறிவிடலாம். வேறு வழியில்லை என்றால் மாஸ்க் போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

மாதம் ஒருமுறை இரண்டாவது ஆளை வைத்துக்கொண்டு அந்தத் தாளைச் சரிபாருங்கள். டாக்டர் மாத்திரையை மாற்றினால் அன்றைக்கே புதுத் தாள் எழுதி ஒட்டிவிட்டு, பழையதைக் கிழித்துப் போடுங்கள்.